போர்க்காலத் தேர்தலும் பழமைவாதத்தின் சோதனையும்

போர் நடந்துகொண்டிருக்கும்போது தேர்தலைச் சந்திப்பது எந்த ஜனநாயகத்துக்கும் கடினமான சோதனை. ஆட்சியிலிருப்பவரின் தவறுகளைச் சுட்டிக்காட்டினால் களத்தில் நிற்கும் வீரனின் மனவுறுதி குலையுமோ என்று எதிர்க்கட்சி தயங்கும். ஆட்சியை மாற்றினால் எதிரி அதைத் தனது வெற்றியாகக் கொண்டாடுவானோ என்று வாக்காளர் யோசிப்பார். ஆளும் தரப்போ, தன் மீதான விமர்சனம் அனைத்தும் நாட்டின் மீதான விமர்சனமே என்று சொல்லிக்கொள்ளும் வசதியைப் பெற்றுவிடும். ஆற்றின் நடுவே குதிரையை மாற்றுவது நல்லதல்ல என்ற உவமை 1864-ல், உள்நாட்டுப் போரின் நடுவே மறுதேர்தலைச் சந்தித்த ஆபிரகாம் லிங்கனுக்குப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடியாத நிலையில் 1944-ல் நான்காவது முறையாக வென்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் அந்த எண்ணமே துணைநின்றது. வியட்நாம் போரில் நம்பகத்தன்மையை இழந்த லிண்டன் ஜான்சன் மட்டும் 1968-ல் தாமாகவே போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

இந்த வரிசையில் 2004 நவம்பர் 2-ம் தேதி நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலுக்குத் தனியிடம் உண்டு. இராக்கில் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு கடந்திருந்த நேரம் அது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் சுமார் 6 கோடியே 20 லட்சம் வாக்குகளும், ஜான் கெர்ரி சுமார் 5 கோடியே 90 லட்சம் வாக்குகளும் பெற்றனர். வாக்காளர் குழு வாக்குகளில் புஷ்ஷுக்கு 286, கெர்ரிக்கு 251. ஒஹையோ என்ற ஒரே மாநிலம், அதிலும் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் வாக்கு வித்தியாசம், முடிவைத் தீர்மானித்தது. கெர்ரி ஏன் தோற்றார் என்று அப்போது ஏராளமாக எழுதப்பட்டது. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. போரின் அடிப்படைக் காரணமே பொய்த்துப்போன பிறகும் அமெரிக்கப் பழமைவாதிகளில் பெரும்பாலோர் ஏன் புஷ்ஷின் பின்னால் அணிவகுத்தனர் என்பதே அது.

பழமைவாதம் என்பது வெறும் கட்சிச் சார்பு அல்ல. அதற்கென்று சில அடிப்படைக் கொள்கைகள் உண்டு. அரசின் அதிகாரம் வரம்புக்குள் இருக்க வேண்டும்; மக்கள் பணம் சிக்கனமாகச் செலவிடப்பட வேண்டும்; நூற்றாண்டுகளாக வளர்ந்த சமூக அமைப்புகளை ஏட்டுத் திட்டங்களைக் கொண்டு ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்ற மயக்கம் கூடாது; வெளியுறவில் நிதானமே முதல் குணம் என்பவை அவற்றில் முக்கியமானவை. உள்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தையே அரசால் ஒழுங்காக நடத்த முடியாது என்று வாதிடும் சிந்தனை மரபு, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மொழியும் வழக்கமும் அறியாத ஒரு தேசத்தைப் புதிதாக நிர்மாணித்துவிட முடியும் என்று எப்படி நம்பியது?

2000-ம் ஆண்டுப் பிரசாரத்தில் புஷ்ஷே இதற்கு நேர்மாறாகத்தான் பேசினார். அமெரிக்கா அடக்கமான நாடாக நடந்துகொண்டால் உலகம் மதிக்கும் என்றும், பிற நாடுகளை நிர்மாணிக்கும் வேலைக்கு அமெரிக்க ராணுவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அல் கோருடனான விவாதங்களில் அவர் கூறினார். அவரது தந்தையின் ஆட்சியும் அந்த நிதானத்துக்கு எடுத்துக்காட்டாக இருந்தது. 1991-ல் குவைத்தை விடுவித்த கையோடு போரை நிறுத்தி, பாக்தாத் நோக்கிப் படைகளை அனுப்ப மறுத்தவர் மூத்த புஷ். இராக்கை ஆக்கிரமித்தால் வெளியேறும் வழி தெரியாமல் சிக்கிக்கொள்ள நேரும் என்பதை அவரும் அவரது தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரென்ட் ஸ்கோகிராஃப்டும் 1998-ல் இணைந்து எழுதிய நூலிலேயே விளக்கியிருந்தனர்.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் அந்த நிதானத்தைப் புரட்டிப்போட்டது. ஆப்கானிஸ்தான் மீதான நடவடிக்கையை அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாத் தரப்பும் ஆதரித்தன. உலகின் பெரும்பகுதியும் புரிந்துகொண்டது. ஆனால் அந்தத் தாக்குதலுக்கு முன்பே இராக்கைக் குறிவைத்திருந்த ஒரு குழு இருந்தது. நவபழமைவாதிகள் என்று அறியப்பட்ட இவர்கள், அமெரிக்காவின் ராணுவ வலிமையைக் கொண்டு ஜனநாயகத்தைப் பரப்ப முடியும், பரப்ப வேண்டும் என்று நம்பியவர்கள். வில்லியம் கிறிஸ்டல் போன்றோர் 1997-ல் தொடங்கிய ‘புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்’ என்ற அமைப்பு, சதாம் உசேனை அகற்ற வேண்டும் என்று 1998 ஜனவரியில் அன்றைய அதிபர் பில் கிளின்டனுக்குக் கடிதம் எழுதியது. அதில் கையெழுத்திட்ட டொனால்டு ரம்ஸ்ஃபெல்டும் பால் உல்போவிட்சும் மூன்றே ஆண்டுகளில் பாதுகாப்புத் துறையின் தலைமைப் பொறுப்புகளில் அமர்ந்தனர்.

எதிர்ப்பே எழவில்லை என்று சொல்வது உண்மையாகாது. சதாமைத் தாக்குவது பயங்கரவாதத்துக்கு எதிரான போரையே திசைதிருப்பிவிடும் என்று 2002 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் ஸ்கோகிராஃப்ட் வெளிப்படையாக எச்சரித்தார். மகனின் அரசுக்குத் தந்தையின் ஆலோசகர் விடுத்த எச்சரிக்கை அது. ஆனால் 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரமளிக்கும் தீர்மானம் வந்தபோது, செனட்டில் 77-க்கு 23 என்றும் பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133 என்றும் அது நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர் ஒரே ஒருவர்தான். ரோட் ஐலண்டின் லிங்கன் சேஃபி. பிரதிநிதிகள் சபையில் டெக்சாஸின் ரான் பால் உள்பட அக்கட்சியினர் ஆறு பேர். இவர்களைப் போன்றே வெளியிலிருந்து எதிர்த்த பழமைவாத எழுத்தாளர்களை, ‘தேசபக்தியற்ற பழமைவாதிகள்’ என்று 2003-ல் முத்திரை குத்தியது அதே முகாமைச் சேர்ந்த ‘நேஷனல் ரிவியூ’ இதழின் அட்டைப்படக் கட்டுரை. எதிர்க்கட்சியைத் தேசத் துரோகி என்பது பழைய அரசியல் தந்திரம். சொந்த வீட்டிலேயே எச்சரிக்கும் பெரியவர்களைத் துரோகிகள் என்பது அதைவிட ஆபத்தானது.

2004-ம் ஆண்டு பிறந்தபோது உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. பேரழிவு ஆயுதங்களைத் தேடச் சென்ற குழுவின் தலைவர் டேவிட் கே, ஜனவரி மாதம் செனட் குழு முன் ஆஜராகி, அந்த ஆயுதங்கள் பற்றிய கணிப்பு ஏறக்குறைய அனைவருக்குமே தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் அபு கிரைப் சிறைக் கொடுமைகளின் படங்கள் உலகை உலுக்கின. செப்டம்பரில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், சதாமிடம் பேரழிவு ஆயுதக் கையிருப்பு ஏதும் இருக்கவில்லை என்று சார்லஸ் டூயல்ஃபர் அறிக்கை உறுதி செய்தது.

இந்தச் சூழலில் பழமைவாதிகள் மூன்றாகப் பிரிந்தனர். முதல் பிரிவினர் போரையும் அதிபரையும் முழுமையாக ஆதரித்தனர். இரண்டாம் பிரிவினர் போர் தவறு என்று அறிந்தும் அதிபருக்கு வாக்களித்தனர். மூன்றாம் பிரிவினர் அதிபருக்கு எதிராக நிற்கத் துணிந்தனர். இந்தப் பிளவை ஒரே இதழில் காண முடிந்தது. இராக் போரை எதிர்ப்பதற்கென்றே 2002-ல் தொடங்கப்பட்டது என்று சொல்லத்தக்க ‘தி அமெரிக்கன் கன்சர்வேட்டிவ்’ இதழின் ஆசிரியர்களால், தேர்தலில் ஒருமித்த நிலையெடுக்க முடியவில்லை. நிறுவனர்களில் ஒருவரான பாட் புக்கானன், போரைக் கடுமையாகச் சாடியவர், இறுதியில் புஷ்ஷையே ஆதரித்தார். மற்றொரு நிறுவனரான ஸ்காட் மெக்கானல் கெர்ரியை ஆதரித்தார். வேறு சிலர் சிறு கட்சி வேட்பாளர்களை நாடினர். யாருக்கும் வாக்கில்லை என்ற குரலும் அதே பக்கங்களில் ஒலித்தது.

மூத்தவர்களின் மனமாற்றமும் அப்போதே தொடங்கிவிட்டது. 1955-ல் ‘நேஷனல் ரிவியூ’ இதழை நிறுவி, நவீன அமெரிக்கப் பழமைவாதத்துக்கு உருக்கொடுத்த வில்லியம் பக்லி, இன்று தெரிந்தவை அன்றே தெரிந்திருந்தால் போரை எதிர்த்திருப்பேன் என்ற பொருளில் 2004 ஜூன் மாதம் கூறினார். 1998-ம் ஆண்டுக் கடிதத்தில் கையெழுத்திட்ட பிரான்சிஸ் ஃபுகுயாமா, தன் பழைய தோழர்களின் கணக்கு எங்கே பிசகியது என்று 2004 கோடைக்காலத்தில் விரிவாக எழுதினார். செனட்டர் சேஃபியோ, தன் கட்சியின் அதிபருக்கு வாக்களிக்க மனமின்றி, வாக்குச் சீட்டில் மூத்த புஷ்ஷின் பெயரை எழுதிவிட்டு வந்தார். மகனின் கொள்கைக்கு எதிராகத் தந்தையின் நிதானத்துக்கு அளிக்கப்பட்ட அந்த ஒற்றை வாக்கு, 2004-ல் பழமைவாதம் அடைந்த தடுமாற்றத்தை முழுமையாக உணர்த்தியது.

புஷ்ஷை ஆதரித்தவர்களின் வாதங்களை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. 2001-க்குப் பிறகு அமெரிக்க மண்ணில் அதுபோன்ற பெரும் தாக்குதல் நடக்கவில்லை. 2003 டிசம்பரில் லிபியா தன் பேரழிவு ஆயுதத் திட்டங்களைக் கைவிட முன்வந்தது. 2004 அக்டோபரில் ஆப்கானிய மக்கள் நீண்ட வரிசைகளில் நின்று அதிபர் தேர்தலில் வாக்களித்தனர். மறுபுறம், மாற்றாக நின்ற கெர்ரி தெளிவான மாற்றுக் கொள்கையை முன்வைக்கவில்லை. வியட்நாமில் போரிட்டுப் பதக்கங்கள் பெற்றவர், பின்னர் அந்தப் போரையே எதிர்த்தவர் என்ற பெருமை அவருக்கு இருந்தது. ஆனால் இராக் விஷயத்தில் ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நின்றார். போருக்கு அதிகாரமளித்து வாக்களித்தார். போர்ச் செலவுக்கான 8,700 கோடி டாலர் ஒதுக்கீட்டை ஆதரித்தும் எதிர்த்தும் வாக்களித்ததாகத் தம் வாயாலேயே கூறிச் சிக்கிக்கொண்டார். உண்மை தெரிந்திருந்தாலும் அந்த அதிகாரத்தை அளித்தேயிருப்பேன் என்று 2004 ஆகஸ்டில் சொன்னவரிடம், போரை எதிர்க்கும் பழமைவாதி எந்த நம்பிக்கையுடன் செல்ல முடியும்?

வாக்குச் சீட்டில் போர் மட்டும் இடம்பெறவில்லை என்பதும் உண்மை. அதே நாளில் 11 மாநிலங்களில் ஒரேபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் யோசனைகள் வாக்கெடுப்புக்கு வந்தன, பதினொன்றும் நிறைவேறின. கருக்கலைப்பு, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனம், வரிக் குறைப்பு என்று பழமைவாதிகளைப் பிணைத்துவைத்த கயிறுகள் பல. போர் தவறு என்று கருதிய புக்கானன் போன்றோரும் வீடு திரும்பியதற்கு இவையே காரணம். வெளியுறவுக் கொள்கைக்கென்று தனி வாக்கு கிடையாது. ஒரே வாக்கில் எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்மானிக்கும்போது, தொலைதூரத்தில் சிந்தும் ரத்தம் உள்ளூர்ப் பிரச்னைகளுக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

ஆனால் விலை கொடுக்காமல் தப்ப முடியவில்லை. 2005 ஜனவரியில் இரண்டாம் முறை பதவியேற்ற புஷ், உலகெங்கும் கொடுங்கோன்மையை ஒழிப்பதே இறுதி இலக்கு என்று அறிவித்தபோது, அவரை ஆதரித்த சில பழமைவாதிகளே திடுக்கிட்டனர். இராக் உட்பூசலில் மூழ்கிய நிலையில், அமெரிக்காவின் நோக்கம் அங்கு தோற்றுவிட்டது என்று 2006 பிப்ரவரியில் பக்லி எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் இழந்தது. ரம்ஸ்ஃபெல்டு பதவி விலகினார். போரை எதிர்த்து வாக்களித்த சேஃபியும் அந்த அலையில் அடித்துச்செல்லப்பட்டார் என்பது காலத்தின் முரண். 2008-ல் அதிபர் பதவியும் கைநழுவியது. சிக்கனக் கொள்கைக்கு நேர்ந்த கதி தனி. 2000-ம் நிதியாண்டில் சுமார் 23,600 கோடி டாலர் உபரியில் இருந்த அமெரிக்க பட்ஜெட், 2004-ல் சுமார் 41,300 கோடி டாலர் பற்றாக்குறைக்குச் சரிந்திருந்தது. வரிக் குறைப்பும் போர்ச் செலவும் ஒருசேர நடந்ததன் விளைவில் இது ஒரு பகுதி.

கணக்கில் கொண்டுவர முடியாத இழப்புகளே அதிகம். 2011 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் வெளியேறியபோது, ஏறத்தாழ 4,500 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்திருந்தனர். இராக்கிய மக்களில் மாண்டவர்கள், பதிவு செய்யப்பட்டவர்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் அதிகம். அந்த இடிபாடுகளிலிருந்து எழுந்த ஐஎஸ் பயங்கரவாதம் 2014 ஜூனில் மோசூல் நகரைக் கைப்பற்றியது. அங்கே கட்டட வேலைக்குச் சென்றிருந்த 39 இந்தியத் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், கடத்திக் கொல்லப்பட்டனர். அவர்கள் உயிருடன் இல்லை என்ற செய்தியை 2018 மார்ச்சில்தான் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. வாஷிங்டனில் எடுக்கப்படும் முடிவுகளின் சுமை கடைசியில் யார் தோளில் இறங்குகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2004-ல் அடக்கப்பட்ட அந்த விவாதம் மறைந்துவிடவில்லை. 2016 பிப்ரவரியில், ராணுவக் குடும்பங்கள் நிறைந்த தெற்கு கரோலினாவில் நடந்த விவாத மேடையில், இராக் போர் பெரும் தவறு என்று டொனால்டு டிரம்ப் முழங்கினார். ஒரு வாரத்தில் அதே மாநிலத்தில் அவர் வென்றார். புஷ் குடும்பத்தின் அடுத்த வாரிசாகக் களமிறங்கிய ஜெப் புஷ் அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். இராக் போரின் முக்கியச் சூத்திரதாரியான டிக் செனி, 2024-ல் தன் கட்சி வேட்பாளரை நிராகரித்து, ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு வாக்களிப்பதாக அறிவித்தார். 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியபோது, போர் வேண்டாம் என்று நம்பி டிரம்ப்பை ஆதரித்தவர்களுக்கும் தாக்குதலை வரவேற்றவர்களுக்கும் இடையே மீண்டும் அதே பழைய சச்சரவு வெடித்தது. உரிய காலத்தில் நேர்மையாகத் தீர்க்கப்படாத கேள்வி தலைமுறை கடந்தும் துரத்துகிறது.

இந்தியாவுக்கு இதில் பாடம் உண்டு. 2003-ல் ஆட்சியிலிருந்தது வாஜ்பாய் தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி. அமெரிக்காவுடன் நெருங்கிய உறவை விரும்பிய அரசு. இராக்குக்குப் படை அனுப்ப வேண்டும் என்று வாஷிங்டன் வற்புறுத்தியது. அனுப்பலாம் என்று வாதிட்டவர்கள் அரசுக்குள்ளும் வெளியிலும் இருந்தனர். ஆனால் நாடாளுமன்றம் 2003 ஏப்ரலில் போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகளின் கருத்தைக் கேட்டறிந்த வாஜ்பாய் அரசு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் படை அனுப்ப இயலாது என்று 2003 ஜூலை 14-ல் அறிவித்தது. சொல்லப்போனால், பழமைவாதத்தின் நிதானம் அன்று வாஷிங்டனைவிட தில்லியில்தான் வெளிப்பட்டது. அதனால் நட்பு முறிந்துவிட்டதா? 2004 ஜனவரியில் அடுத்த கட்ட உறவுக்கான அறிவிப்பு வந்தது. 2005 ஜூலையில் அணுசக்தி ஒத்துழைப்புக்கு வழி பிறந்தது. 2008 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்த நாட்டுக்கு மரியாதை குறையவில்லை.

ஆயினும் 2004 தேர்தலின்போது தில்லியில் நடந்த விவாதத்தின் தரம் அந்த நிதானத்துக்கு ஈடாக இல்லை. வெளிநாட்டுக்கு வேலைகளை அனுப்பும் நிறுவனங்களைக் கெர்ரி சாடுகிறார். ஆகவே பெங்களூருக்கும் சென்னைக்கும் புஷ்ஷே நல்லவர் என்ற கணக்கே பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இராக்கில் இந்திய லாரி ஓட்டுநர்கள் மூவர் பிணைக்கைதிகளாகப் பிடிபட்டு, செப்டம்பர் முதல் தேதி விடுதலையாகும்வரை நாடே கலங்கியிருந்தது. இருந்தும் போரின் நியாயம் குறித்த கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2008 செப்டம்பரில், இந்திய மக்கள் உங்களை ஆழமாக நேசிக்கிறார்கள் என்று பிரதமர் மன்மோகன் சிங் வாஷிங்டனில் புஷ்ஷிடம் கூறியபோது, அணுசக்தி ஒப்பந்தத்துக்கான நன்றியுணர்ச்சியில் இராக்கின் நினைவு மறைந்துபோயிருந்தது.

போர்க்காலத்தில் கேள்வி கேட்பது துரோகம் என்ற வாதத்தை இந்திய ஜனநாயகம் தன் அனுபவத்தாலேயே மறுத்திருக்கிறது. 1962-ல் சீனப் படைகள் எல்லைக்குள் இருக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கூட்டக் கோரினார் இளம் உறுப்பினரான வாஜ்பாய், நேரு கூட்டினார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனைப் பதவியிலிருந்து விலகச் செய்ததில் எதிர்க்கட்சிகளைவிடக் காங்கிரஸ் உறுப்பினர்களின் நெருக்குதலுக்கே பெரும் பங்கு. நேருவே வியந்து மதித்த நண்பரை நேருவின் கட்சியினரே அகற்றச் செய்தனர். அதனால் நாடு பலவீனப்படவில்லை. ராணுவத்தைச் சீரமைக்கும் பணி அதன் பிறகே வேகம் பெற்றது. 1999-ல் கார்கில் போர் முடிந்த சில வாரங்களில் பொதுத்தேர்தலைச் சந்தித்த அரசு, உளவுத் தகவல் சேகரிப்பில் நேர்ந்த பிழைகளை ஆராய கே. சுப்ரமணியம் தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கை 2000-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வெற்றிக்குப் பிறகும் விசாரணைக்கு உட்பட்டதால் ராணுவத்தின் பெருமை குன்றிவிடவில்லை.

தவறு நேரும்போது இடித்துரைக்கும் துணைவர்கள் ஆட்சியாளருக்குத் தேவை என்பதைத் திருக்குறள் ஓர் அதிகாரமாகவே வகுத்திருக்கிறது. எதிரணியின் கண்டனத்தை ஆட்சியாளர் எளிதில் புறந்தள்ளிவிடலாம். தன்னவர்களின் கண்டனத்தைப் புறந்தள்ளுவது கடினம். 2002-ல் ஸ்கோகிராஃப்டின் எச்சரிக்கைக்கும், 2004-ல் பக்லியின் ஐயத்துக்கும் அவர்களது முகாம் செவிசாய்த்திருந்தால், பிற்பாடு சிந்திய ரத்தத்தில் ஒரு பகுதியேனும் தவிர்க்கப்பட்டிருக்கும். அவர்கள் கட்சி வென்றது, கொள்கை தோற்றது. சில ஆண்டுகளில் கட்சியும் தோற்றது.

போர் என்பது அரசு எடுக்கும் முடிவுகளிலேயே மிகப் பெரியது. திரும்பப் பெற முடியாதது. சாலைக்கும் வரிக்கும் கணக்குக் கேட்கும் வாக்காளர், உயிருக்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்று எந்த அரசியல் சட்டமும் சொல்லவில்லை. போர்க்காலத் தேர்தலில் வாக்காளரின் கடமை அதிபரையோ பிரதமரையோ காப்பாற்றுவது அல்ல, நாட்டைக் காப்பாற்றுவது. இரண்டும் ஒன்றே என்று ஆட்சியாளர் சொல்லும்போது, முதலில் ஐயம் கொள்ள வேண்டியவர்கள் அவரது ஆதரவாளர்களே.